அணித்தலைவர்களிடம் பொறுப்பை எப்படி ஒப்படைப்பது? அனுபவமுள்ள சாரண ஆசிரியர்கள் சொல்லுங்கள்

டெல்டா_வாத்தியார் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். திருவாரூர் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். முன்பிருந்த சாரண ஆசிரியர் ஓய்வு பெற்றதும், "நீங்கதான் இளவட்டம், ஓடியாடிப் பார்ப்பீங்க" என்று தலைமையாசிரியர் சாரணர் படையை என் தலையில் கட்டிவிட்டார். வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தேன், இப்போது பிடித்துப்போய்விட்டது. சாரண ஆசிரியருக்கான பேசிக் கோர்ஸும் முடித்தாயிற்று. ஆறிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை 24 பையன்கள். புலி, கழுகு, மயில் என்று மூன்று அணி.

பயிற்சியில் சொன்னதெல்லாம் நோட்டில் அழகாக இருக்கிறது. அணிமுறைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை, அணியை அணித்தலைவன் நடத்த வேண்டும், ஆசிரியர் பின்னால் நிற்க வேண்டும். பள்ளியில் நடப்பதோ வேறு. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் விசில் ஊதுவது நான். குதிரை லாட வடிவில் நிறுத்துவது நான். கொடிப் பாட்டு முடிந்ததும் கயிற்றை எடுத்து முடிச்சுப் போட்டுக் காட்டுவதும் நான். அணித்தலைவர்கள் மூவரும் பாக்கெட்டில் தலைவன் என்பதற்கான வெள்ளைப் பட்டையோடு வரிசைக்கு முன்னால் நிற்பார்கள், அவ்வளவுதான்.

போன மாதம் "இன்றைக்கு நீங்களே நடத்துங்கள்" என்று விட்டுப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் புலி அணி கபடி ஆடிக்கொண்டிருந்தது. மயில் அணித்தலைவன் ஓர் ஆறாம் வகுப்புப் பையனை முட்டி போட வைத்திருந்தான். கழுகு அணி மட்டும் ஒழுங்காக நின்றது, ஆனால் ஒன்றும் செய்யாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு. மறுபடியும் விசிலை எடுத்துவிட்டேன்.

இன்னும் இரண்டு மாதத்தில் பள்ளி மைதானத்திலேயே ஓர் இரவு முகாம் போட அனுமதி வாங்கியிருக்கிறேன். துவிதிய சோபான் (சாரணர் பயிற்சியின் இரண்டாம் படி) பையன்கள் சமைக்க வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் இப்போதே ஓர் அம்மா எழுந்து, "எங்க வீட்டுல அவன் தட்டைக்கூடக் கழுவ மாட்டான், இங்க அவனை விறகு அடுப்பு மூட்டச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டார். எதை விடலாம், எதை விடக்கூடாது? அணித்தலைவனை நான் நியமிப்பதா, பையன்கள் ஓட்டுப் போடுவதா? அந்த மயில் அணித்தலைவனை என்ன செய்வது? ஏதாவது ஆகிவிட்டால் கழுத்து என்னுடையது என்பதையும் மனதில் வைத்துப் பதில் சொல்லுங்கள்.

வைகைக்கரை_சாரணர் (ஓய்வு பெற்ற சாரண ஆசிரியர், ஹிமாலயன் வுட் பேட்ஜ் என்ற உயர் பயிற்சி முடித்தவர்):

தம்பி, பையன்கள் கபடி ஆடியதில் அவர்கள் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பாடமே நடத்தாமல் பரீட்சை வைத்தீர்கள். என்ன செய்ய வேண்டும், எவ்வளவு நேரம், முடிந்ததும் யாரிடம் வந்து சொல்ல வேண்டும், எதுவும் அந்த மூன்று பேருக்கும் தெரியாது.

24 பையன்கள் என்கிறீர்கள். உங்கள் மாணவர்கள் ஆறு பேர்தான்: மூன்று தலைவர்கள், மூன்று துணைத்தலைவர்கள். ஒன்பதாம் வகுப்பில் நிதானமான பையன் ஒருவன் இருந்தால் படைத்தலைவனாகப் போடுங்கள், ஏழு பேர் ஆகட்டும். மிச்சப் பேர் எல்லாம் அவர்களுடைய மாணவர்கள். இதை மனதில் ஏற்றிக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

புதன்கிழமை பள்ளி விட்டதும் அரை மணி நேரம் இந்த ஏழு பேரை மட்டும் உட்கார வையுங்கள். வெள்ளிக்கிழமை க்ளோவ் ஹிட்ச் முடிச்சு என்றால் புதனன்றே அவர்கள் கையில் அது சரளமாக வர வேண்டும். தானே போடத் தெரிந்தால் போதாது, சொல்லிக்கொடுத்துக் காட்டவும் வேண்டும். ஒருவன் சொல்லிக்கொடுக்கட்டும், இன்னொருவன் ஒன்றும் தெரியாத ஆறாம் வகுப்புப் பையனாக நடிக்கட்டும். நடிக்கிற பயல் வேண்டுமென்றே கயிற்றைத் தப்புத் தப்பாகச் சுற்றுவான், "அண்ணே, கால் வலிக்குது" என்பான், நடுவில் தண்ணீர் குடிக்கப் போவான். அவர்களுக்கு அது ஒரே கூத்து. ஆனால் வெள்ளிக்கிழமை நிஜமாகவே ஒருவன் அப்படிச் செய்யும்போது லீடர் கோபப்பட மாட்டான், ஏற்கனவே பார்த்த காட்சி அல்லவா.

வெள்ளிக்கிழமை கொடி, பாட்டு, உடை ஆய்வு எல்லாம் முடிந்ததும் "அணி மூலைக்குப் போங்கள், இருபது நிமிடம்" என்று படைத்தலைவன் சொல்லட்டும். விசில் அவன் கழுத்தில் இருக்கட்டும். நீங்கள் ஓரமாக ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வருகைப் பதிவேட்டை எழுதுங்கள். கையில் ஏதாவது வேலை இருப்பது நல்லது, இல்லாவிட்டால் ஐந்தாவது நிமிடம் எழுந்து போய்விடுவீர்கள். ஒரு பொடியன் ஓடி வந்து "சார், எனக்கு முடிச்சு வரல" என்றால், "உங்க லீடர் என்ன சொன்னான்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புங்கள். லீடரே தப்பாகச் சொல்லிக்கொடுப்பது கண்ணில் பட்டால், அணிக்கு நடுவில் போய்த் திருத்தாதீர்கள். துணைத்தலைவனிடம் அணியைக் கொடுத்துவிட்டு ஒரு நிமிடம் வரச் சொல்லி, காட்டி அனுப்புங்கள். அவனே போய்த் திருத்திக்கொள்வான்.

அணியில் வேலை இல்லாத பையன் இருக்கக்கூடாது, இதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சாமான் ஒருவன் பொறுப்பு, முதலுதவிப் பெட்டி ஒருவன் பொறுப்பு, நோட்டு எழுத ஒருவன், சந்தா வாங்க ஒருவன். உங்கள் புலி அணியில் கபடியை ஆரம்பித்து வைத்தவன் யார் என்று விசாரியுங்கள். பெரும்பாலும் கையில் வேலை ஏதும் இல்லாத, துருதுருவென்ற எட்டாம் வகுப்புப் பையனாகத்தான் இருப்பான். அடுத்த துணைத்தலைவன் அவன்தான்.

ஓர் அணிக்கு ஆறிலிருந்து எட்டுப் பேர் என்பதற்குக் காரணம் உண்டு. தெருவில் பையன்கள் தாங்களாகச் சேர்ந்தால் அந்த அளவில்தான் சேருவார்கள், ஒருவன் சொல்வதை மற்றவர்கள் கேட்பதும் அந்த அளவு வரைதான். தென்னாப்பிரிக்காவில் மாஃபெகிங் முற்றுகையில், 1899-1900-இல், ஊர்ப் பையன்கள் சைக்கிளில் செய்தி கொண்டுபோய் வந்ததை, சாரண இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் கண்ணால் பார்த்தவர். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் முதல் சோதனை முகாம் போட்டபோது, வந்த இருபது சொச்சம் பையன்களை ஓநாய், காளை, அண்டங்காக்கை, கர்லூ பறவை என்று நாலு அணியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய பையனைத் தலைவனாக வைத்தார். பெரிய பள்ளிகளில் படித்த வசதியான வீட்டுப் பையன்களும் பூல், போர்ன்மத் ஊர்களின் தொழிலாளி வீட்டுப் பையன்களும் கலந்துதான் இருந்தார்கள். சாரணியம் பற்றிய புத்தகத்தை வெளியிடும் முன்பே அணியைச் செய்து பார்த்துவிட்டார் மனிதர். நாம்தான் நூறு வருடம் கழித்தும் அதைத் தேர்வுக் கேள்வியாக வைத்துக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம் கோர்ட் ஆஃப் ஹானர். பெயர் பெரிதாக இருக்கிறதே என்று பல பேர் அதைத் தொடுவதே இல்லை. தலைவர்கள் மாதம் ஒரு முறை கூடிப் பேசுவது, அவ்வளவுதான். படைத்தலைவன் நடத்துவான், ஒருவன் குறிப்பெழுதுவான். நீங்களும் இருங்கள், ஆனால் கடைசியில் பேசுங்கள். முதலில் நீங்கள் வாயைத் திறந்தால் மற்றவர்களுக்கு "ஆமா சார்" மட்டும்தான் பாக்கி. எங்கள் படையின் பழைய குறிப்பேடு ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு முகாமுக்குப் பிறகு எழுதியது, அவர்கள் எழுதியபடியே: "சோறு அடிப்பிடித்தது. காரணம் விறகு அதிகம். தட்டு ஸ்டாண்டு ஆடியது. லாஷிங் (கம்புகளைக் கயிற்றால் கட்டுவது) மறுபடி பழக வேண்டும். ஆறாம் வகுப்புப் பையன் ராத்திரி அழுதான், வீட்டு ஞாபகம். செகண்ட் (துணைத்தலைவன்) பக்கத்தில் படுத்துக்கொண்டான். அடுத்த முறை புதுப் பையன்களை ஓரத்தில் படுக்க வைக்கக்கூடாது." கடைசி வரியை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கு அது தோன்றியிருக்கவும் மாட்டாது.

அந்த அடிப்பிடித்த சோற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும், உங்கள் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. அணிக்கு ஓர் அடுப்பு, மூன்று கல். கழுகு அணியின் அடுப்பில் தீ பானையின் கழுத்து வரை எரிகிறது, எனக்குத் தூரத்திலிருந்தே தெரிகிறது. சுற்றிப் பையன்கள் பத்திரமாகத் தள்ளித்தான் நிற்கிறார்கள், யாருக்கும் ஆபத்து இல்லை. சோற்றுக்குத்தான் ஆபத்து. நான் எழுந்திருக்கவில்லை. மேலே பொங்கி வழிந்தது, அடியில் கருகியது, நடுவில் அரிசி அரிசியாகவே இருந்தது. பையன்கள் சாம்பாரை மட்டும் குடித்துவிட்டு ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முகாம் என்றால் என் பையில் எப்போதும் பன் பாக்கெட்டும் ஒரு சீப்பு வாழைப்பழமும் இருக்கும், யாருக்கும் சொல்ல மாட்டேன். அணித்தலைவனைத் தனியாகக் கூப்பிட்டு அதைக் கொடுத்தேன். "சார் கொடுத்தார்னு சொல்லாதே, நீயே பிரிச்சுக் கொடு" என்றேன். நான் போய்ப் பிரித்துக் கொடுத்திருந்தால் அன்று ராத்திரியோடு அவன் தலைமை முடிந்திருக்கும். மறுநாள் காலை அதே அணி வேண்டாத விறகை வெளியே இழுத்துப் போட்டுப் போட்டுத்தான் பொங்கல் கிண்டியது.

முட்டி போட வைத்த பையன் விஷயம். அங்கேயே, அணிக்கு முன்னால் திட்ட வேண்டாம். சின்னவனை உடனே எழுப்பி விட்டுவிட்டு, தலைவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். தனியாக என்றால் மற்றவர் காதில் விழாத, ஆனால் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில். அவன் வகுப்பில் யாரோ அவனை முட்டி போட வைக்கிறார், அவனுக்குத் தெரிந்த தலைமை அதுதான். "நீ அந்தப் பொடியனுக்கு முடிச்சுச் சொல்லிக்கொடுத்து அடுத்த வாரம் என்னிடம் காட்ட வை" என்று ஒரு வேலை கொடுங்கள். கை நீட்டினால் மட்டும் பேச்சே கிடையாது, பட்டையைக் கழற்ற வேண்டியதுதான். அதை கோர்ட் ஆஃப் ஹானரில் பையன்கள் தலையில் தள்ளாதீர்கள், அந்த முடிவு உங்களுடையது.

நியமனமா, ஓட்டா? நான் அணியிலுள்ள ஒவ்வொருவனையும் தனித்தனியாக "உனக்கு உடம்பு சரியில்லைன்னா யார்கிட்ட சொல்லுவே?" என்று கேட்பேன். அதிகம் பேர் சொல்கிற பெயரைப் போடுவேன். முதல் ரேங்க் பையனையும் உயரமான பையனையும் நான் பெரும்பாலும் தவிர்த்துவிடுவேன், அவர்களுக்கு ஏற்கனவே பள்ளியில் ஆயிரம் பதவி இருக்கும்.

கைடு_டீச்சர்_கோவை:

ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஐயா காலத்தில் வாட்ஸ்அப் குழு இல்லை! பானையிலிருந்து தீ எழும்புகிற போட்டோவை யாராவது ஓர் அப்பா குழுவில் போட்டால் மறுநாள் காலை நான் எச்.எம். அறையில் நிற்க வேண்டும். அதனால் சில கோடுகளை முதலிலேயே போட்டுக்கொள்வேன்.

நெருப்பு மூட்டுவது பிள்ளைகள்தான், ஆனால் மண்ணெண்ணெய் பாட்டில் என் கையில். ஊற்றி மூட்டுகிற பேச்சே கிடையாது. அடுப்புப் பக்கம் போகும் முன் ஸ்கார்ஃபைக் கழற்றி மடித்து வைக்க வேண்டும், இப்போது வருகிற துணி பட்டென்று பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர், இதற்குத் தனியாக ஒரு பெண்ணைப் பொறுப்பு வைப்பேன். கிணறு, குளம், வாய்க்கால் பக்கம் பெரியவர் இல்லாமல் யாரும் போகக்கூடாது. உங்கள் ஊரில் ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம் சார். சாலையைக் கடப்பது, மாத்திரை கொடுப்பது, இரவில் முகாமை விட்டு வெளியே போவது இதெல்லாம் நம் பொறுப்பு, லீடரிடம் விடவே முடியாது. பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கும்போதே ஆஸ்துமா, வலிப்பு, அலர்ஜி இருக்கிறதா என்றும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று, இரவு முகாமில் நீங்கள் ஒருவர் மட்டும் இருக்காதீர்கள். இன்னோர் ஆசிரியர் கட்டாயம் வேண்டும். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மூடிய அறையில் தனியாக இருக்கவே கூடாது, அது பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் ஆம்புலன்ஸ் எண் 108-ஐயும் அறிவிப்புப் பலகையில் பெரிதாக எழுதிப் போடுங்கள். லீடர்களிடம் சொல்லி வையுங்கள்: யாராவது ஒரு பிள்ளை "யார்கிட்டயும் சொல்லாதே" என்று ஒரு கஷ்டத்தைச் சொன்னால், அதை அவர்களே வைத்துக்கொண்டிருக்கக் கூடாது, நேராக நம்மிடம் வர வேண்டும். பதிமூன்று வயதுப் பிள்ளை சுமக்கிற பாரம் இல்லை அது.

இந்தக் கோட்டுக்கு உள்ளே இருப்பதையெல்லாம் விட்டுவிடலாம். உப்பு கூடினாலும் குறைந்தாலும் அவர்கள் பாடு.

அந்த அம்மாவுக்குப் பதில் நீங்கள் சொல்லாதீர்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஓர் அணித்தலைவனை எழுந்து முகாம் திட்டத்தைச் சொல்லச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு என்ன, யார் சமைப்பது, வாளி எங்கே இருக்கும் என்று அவன் வாயால் கேட்டால் அடங்கிவிடுவார்கள். எங்கள் பள்ளியில் ஓர் ஏழாம் வகுப்புப் பெண் சொன்னாள். எதிர்ப்புச் சொன்ன அம்மாவே வெங்காயம் அனுப்பி வைத்தார்.

ஆகஸ்ட் 15 அணிவகுப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் வரும். அதற்கு முந்தைய இரண்டு வாரம் படை எச்.எம்.முடையது என்று ஏற்றுக்கொள்ளுங்கள், சண்டை போட்டுப் பயனில்லை. "சாவ்தான், விஷ்ராம்" (நேராக நில், இளைப்பாறு) கட்டளையை மட்டும் படைத்தலைவி கொடுக்கட்டும் என்று கேட்டு வாங்கினேன். முதல் வருடம் குரல் எழும்பவில்லை, அணிவகுப்பு கோணல்மாணலாகப் போனது. எச்.எம். என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அடுத்த வருடம் அதே பெண் கொடுத்த கட்டளை ரோடு வரைக்கும் கேட்டது.

ப்ளேனோ_அம்மா:

டெக்சாஸில் டாலஸ் பக்கம் இருக்கிறோம், மகன் இங்கே ஒரு படையில் இருக்கிறான். பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா என்று இருந்தது 2025 பிப்ரவரியிலிருந்து ஸ்கவுட்டிங் அமெரிக்கா ஆகிவிட்டது. இங்கே ஓட்டுதான். எங்கள் படையில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பையன்களே சீனியர் பேட்ரோல் லீடரை, அதாவது படைத்தலைவனை, தேர்ந்தெடுப்பார்கள். அவனும் அணித்தலைவர்களும் உட்கார்ந்து போடுவதுதான் அந்த மாதத் திட்டம். ஸ்கவுட்மாஸ்டர் மூலையில் காபியோடு உட்கார்ந்திருப்பார். சேர்ந்த புதிதில் எனக்கு எரிச்சலாக இருந்தது. "முகாமுக்கு என்ன எடுத்து வர வேண்டும்?" என்று அவரைக் கேட்டால், "உங்கள் பையனை அவனுடைய அணித்தலைவனைக் கேட்கச் சொல்லுங்கள்" என்பார். பதில் வராது, பையனும் கேட்க மாட்டான், கடைசியில் மழைக்கோட்டு இல்லாமல் போய் நனைந்துவிட்டு வந்தான். அதற்கப்புறம் கேட்டுக்கொள்கிறான்.

முகாமில் பெரியவர்கள் தனி. பையன்கள் கூடாரத்திலிருந்து தள்ளி எங்கள் கூடாரம், எங்கள் சமையல் தனி. பெற்றோர் குழு ஒன்று உண்டு, பணம், கார், பதிவு எல்லாம் அது பார்க்கும். டீச்சர் சொன்ன இரண்டு பெரியவர் விஷயம் இங்கே எழுத்தில் உள்ள விதி: 21 வயதான, பதிவு செய்த இருவர் இல்லாமல் கூட்டமே நடக்காது. பையனுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பக்கூடாது, இன்னொரு பெரியவரையும் அதில் சேர்க்க வேண்டும்.

எல்லாம் பொன் என்று நினைக்காதீர்கள். இங்கே உச்சப் பட்டமான ஈகிளை வாங்க ஆறு மாதம் ஏதாவது பொறுப்பில் இருந்தாக வேண்டும், அதற்கு முந்தைய நிலையான 'லைஃப்' பட்டத்துக்கும் ஆறு மாதம், அதற்கும் முந்தைய 'ஸ்டார்' பட்டத்துக்கு நாலு. அதனால் பதவியை வாங்கிக்கொண்டு ஒன்றுமே செய்யாத பையன்கள் உண்டு. ஓட்டு என்றால் நல்லாச் சிரிக்க வைக்கிறவன் ஜெயிப்பான். அப்போது ஸ்கவுட்மாஸ்டருக்குத்தான் வேலை அதிகம், வாரம் ஒரு முறை அவனோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் சைவம். முதல் முகாமுக்கு முன்னால் நானே போன் பண்ணிச் சொல்ல நினைத்தேன், மகன் விடவில்லை. அணிக்கூட்டத்தில் அவனே சொல்லியிருக்கிறான். பதிமூன்று வயது அணித்தலைவன், டகோ போடுகிற அன்றைக்கு இரண்டு வாணலி என்று சாமான் பட்டியலில் எழுதி, பீன்ஸ் வாணலியின் கைப்பிடியில் பச்சை டேப் சுற்றி வைத்திருக்கிறான், கரண்டி மாறிவிடக் கூடாதாம். எந்தப் பெரியவரும் சொல்லவில்லை.

முன்னாள்_கழுகு:

சார், நான் தஞ்சாவூர் பக்கம் ஒரு பள்ளியில் அணித்தலைவனாக இருந்தவன். இப்போது கல்லூரியில் ரோவர் (மூத்த சாரணர்), 2025-இல் மணப்பாறையில் நடந்த ஜம்போரி என்ற பெரிய சாரணர் முகாமுக்குச் சேவைக்குப் போயிருந்தேன். பையன் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம்.

எங்கள் சார் நல்லவர்தான். ஆனால் என் அணிப் பையனை நேராகக் கூப்பிட்டு "டேய், அந்தக் கம்பை எடு" என்பார். எனக்கு அப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். பட்டையை எனக்குக் கொடுத்துவிட்டு வேலையை அவரே சொன்னால் நான் எதற்கு? ஒரு நாள் தயங்கித் தயங்கி அவரிடமே சொல்லிவிட்டேன். சிரித்தார். அதிலிருந்து எதுவானாலும் என்னிடம்தான் சொல்வார், என் பையன் பக்கத்திலேயே நின்றாலும் என்னிடம்தான். கொஞ்சம் வேடிக்கையாகக்கூட இருக்கும்.

இரண்டாவது, திருதிய சோபான் (மூன்றாம் படி) நடைப்பயணம். கையில் ஒரு வரைபடம், காம்பஸ், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். சார் சைக்கிளில் பின்னால் வந்தார், ரொம்ப தூரத்தில். திரும்பிப் பார்த்தால் வரப்பு முடிகிற இடத்தில் ஒரு புள்ளி மாதிரித் தெரியும். இரட்டை மதகு வந்ததும் இடது பக்கம் போக வேண்டியவர்கள் வலது பக்கம் போனோம். அவருக்குத் தெரியும், ஆனால் கிட்டே வரவில்லை. ஒரு டீக்கடை வரைக்கும் போய், பெயர்ப் பலகையைப் பார்த்து, "அண்ணே இது எந்த ஊரு" என்று கேட்டுத்தான் திரும்பினோம். வெயிலில் எல்லோரும் என்னைத் திட்டினார்கள். அன்று ராத்திரி ஒருவனுக்குக் காய்ச்சல் அடித்தது. நான் சாரை எழுப்பினேன், அவர் தூங்கவே இல்லை போல, உடனே எழுந்து வந்துவிட்டார். அதற்கப்புறம் அவர் சொன்னதை நான் மறுத்ததே இல்லை.

டெல்டா_வாத்தியார்:

எல்லோருக்கும் நன்றி. புதன் கூட்டம் இரண்டு முறை போட்டுவிட்டேன். நடிக்கிற யோசனை பிரமாதம் ஐயா, புலி அணித்தலைவன் "டீச்சர், டாய்லெட்" என்று கையைத் தூக்கியதில் எல்லோரும் உருண்டு சிரித்தார்கள். கபடியை ஆரம்பித்தவனையும் கண்டுபிடித்தாயிற்று. நீங்கள் சொன்னபடி எட்டாம் வகுப்புதான். சாமான் பொறுப்பைக் கொடுத்திருக்கிறேன், கயிறுகளை எண்ணி இரண்டு குறைகிறது என்று என்னிடமே புகார் சொல்கிறான்.

மயில் அணித்தலைவன் இன்னும் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கிறான். அவன் அணிப் பையன்களிடம் ஐயாவின் கேள்வியைக் கேட்டேன், உடம்பு சரியில்லை என்றால் யாரிடம் சொல்வாய் என்று. ஒருவன்கூட அவன் பெயரைச் சொல்லவில்லை. ஐந்து பேர் துணைத்தலைவனைச் சொன்னார்கள். மாற்றிவிடலாமா, முகாம் முடியட்டும் என்று பார்க்கலாமா?

சமையலில் முதல் முறை என்ன போடுவது என்றும் சொல்லுங்கள். கோர்ட் ஆஃப் ஹானரில் மூன்று அணியும் ஒரே குரலில் பிரியாணி என்கிறது.

வைகைக்கரை_சாரணர்:

முகாம் வரை மாற்றாதீர்கள். அந்தத் துணைத்தலைவனை அவன் கூடவே எல்லாவற்றிலும் நிறுத்துங்கள். முகாமில் இருவருக்கும் வேலையைப் பிரித்துவிடுங்கள்: கூடாரம், விறகு, தட்டு ஸ்டாண்டு தலைவனுக்கு, பையன்களும் படுக்கையும் துணைத்தலைவனுக்கு. விறைப்பான பையன்கள் கம்பு, கயிறு வேலையில் பெரும்பாலும் கெட்டிக்காரர்களாக இருப்பார்கள். முடிந்த பிறகு அவனிடமே கேளுங்கள், அடுத்த ஆறு மாதத்துக்கு எதை வைத்துக்கொள்கிறாய் என்று. சின்னவனை மறுபடி முட்டி போட வைத்தால் முகாமுக்குக் காத்திருக்க வேண்டாம்.

பிரியாணியை நீங்கள் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அரிசி, மசாலா, எண்ணெய், காய் என்று எட்டுப் பேருக்கு எவ்வளவு ஆகும், சந்தாவில் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போட்டு வரச் சொல்லுங்கள். அவர்களே ரவை உப்புமாவுக்கு இறங்கி வந்துவிடுவார்கள். அப்படியும் பிரியாணிதான் என்று கணக்கோடு வந்தால் செய்யட்டும், பன் பாக்கெட்டை மட்டும் இரண்டு கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். உப்புமா என்றால் பானை பெரிதாக இருக்கட்டும், கரண்டிக் காம்பு நீளமாக இருக்கட்டும், ரவையை வீட்டிலிருந்தே வறுத்துக் கொண்டு வரச் சொல்லிவிடுங்கள்.